பதினொன்றாம் எழுத்து

முதல் அறுவடை எலும்பு.
கோதுமைக்கு முன்பு, ஓட்ஸுக்கு முன்பு,
புல்லுக்குள் காட்டெருமைகளின் எலும்பு
வெளுத்துக் கிடந்தது மைல் கணக்கில்.
பொறுக்கிக் கொடுத்தால் டன்னுக்கு ஆறு டாலர்.
ஹால்வர் ஸ்க்ரேடெ கலப்பை வாங்கியது அந்தக் காசில்.
எருமைகளோடு வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று
அவர் கேட்டதாகப் பதிவேட்டில் இல்லை.
கேட்காமல் விட்டதாகவும் இல்லை.
பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது:
கெல்மோர் நகர அலுவலகம்,
செவ்வாய், வியாழன், பத்து முதல் இரண்டு வரை.

அடுத்தது கிணறு.
இரண்டு குழி வறண்டு, மூன்றாவது அறுபத்திரண்டு அடி.
உள்ளே த்மித்ரோ ஹ்னாத்யூக்,
மேலே ராட்டினத்தில் அவன் மனைவி பராஸ்கா.
அவன் தண்ணீரென்று கத்தினான்.
அவளுக்கு அது மண் சரிந்த குரலாகக் கேட்டது.
உள்ளங்கை கிழிய இழுத்தாள்.
முழங்கால்வரை நனைந்து,
பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தவனை
ஓங்கி ஓர் அறை விட்டாள்.

அந்தக் கிணற்றைச் சுற்றி வீடுகள் வந்தன.
கடை, தபால் ஜன்னல், குதிரைக்கு லாடம்,
வெங்காயக் கும்மட்டம் வைத்த சின்னக் கோயில்.
காய்ச்சல் ஆண்டில் ஐந்து கல்லறை.
பெயரென்று யாரும் வைக்கவில்லை.
"பராஸ்கா வீட்டுக்குப் போகிறேன்" என்றால் போதும்.

ரயில் வந்தது.
எங்களுக்கு வரவில்லை, இரண்டு மைல் தெற்கே.
கம்பெனிக்காரர்கள் ஆங்கில எழுத்து வரிசையில்
ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள்.
பதினொன்றாம் எழுத்துக்கு யாரோ ஓர் அதிகாரி
கெல்மோர் என்று எழுதினார்.
அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

ஊர் யோசித்தது, ஒரு வாரம்.
பிறகு ஜனவரிக் குளிரில்
வீடுகளுக்கு அடியில் உத்தரம் கொடுத்து,
பனிமேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்து,
இருபத்திரண்டு குதிரை பூட்டி
ஊரையே இழுத்தார்கள்.
கடை நிலைக்கு வர நான்கு நாள் பிடித்தது.
நான்கு நாளும் அது மூடவில்லை.
அடுப்புக் குழாயில் புகை, உள்ளே தராசு ஆட்டம்.
நடுவழியில் ஏறி மண்ணெண்ணெய் வாங்கினாள் ஒருத்தி.
அந்த ரசீது இங்கே இருக்கிறது.
"இடம்" என்ற கட்டத்தில்
கடைக்காரர் எழுதியிருக்கிறார்: வழியில்.

கல்லறைகள் வரவில்லை.
கிணறும்.
புது ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு,
தேநீர் மருந்துபோல் கசந்தது.
விட்டுவந்த இடத்துக்கே
பதினொரு வருடம் பீப்பாய் வண்டி ஓடியது,
வாளிக்கு ஒரு சென்ட்.
வண்டி ஓட்டியது பராஸ்கா.
யாருக்கும் கடன் சொல்லவில்லை, பாதிரியாருக்கும்.

பிறகு வளர்ந்தோம்.
வளர்ச்சி என்றால் என்ன?
மூன்று தானியக் கோபுரம். பனிச்சறுக்குக் கொட்டகை.
மா கிம் லூங்கின் சாப்பாட்டுக் கடை.
அவர் மனைவியை நாட்டுக்குள் விடவே
இருபத்தாறு வருடம் ஆனது.
அதுவரை கல்லாப்பெட்டி மேல் அவள் படம்,
மாவுத்தூசி படியாமல் தினமும் துடைத்தபடி.
ஒரு கணக்கெடுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அடுத்து வந்தது புழுதி.
கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து,
தட்டுகளைக் கவிழ்த்துவைத்து,
சோறு வரும்போது மட்டும் நிமிர்த்திய வருடங்கள்.

எண்பத்தேழில் கம்பெனி தண்டவாளத்தைப் பெயர்த்துப் போனது.
எதற்காக இரண்டு மைல் நடந்தோமோ அது
எங்களைக் கேட்காமல் கிளம்பிவிட்டது.
கட்டைகளை வேலிக்கு வாங்கிக்கொண்டோம்,
ஒன்று இரண்டு டாலர்.

இப்போது அறுபத்தொரு பேர்.
குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது.
வடக்கே, பழைய இடத்தில்தான் துளை போட்டார்கள்.
வந்த என்ஜினியர் பெருமையாகச் சொன்னார்,
புது ஊற்று கண்டுபிடித்தேன் என்று.
நான் மறுத்துப் பேசவில்லை, அன்று வியாழக்கிழமை,
மணி இரண்டாகப் போகிறது.

போன மாதம் டெலியா வில்லாஃபுவேர்தே வந்தாள்.
பன்றிப்பண்ணையில் வேலை, மூன்று பிள்ளைகள்.
மூடிய பள்ளிக்கூடத்தை விலைக்கு வாங்கிவிட்டாளாம்.
அதைத் தன் நிலத்துக்கு இழுத்துப் போகலாமா,
இப்படிக் கேட்பது பைத்தியக்காரத்தனமோ என்று
வாசலிலேயே நின்றாள்.

கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.
படிவம் எண் நான்கு, கட்டிடம் நகர்த்த.
கட்டணம் இருபத்தைந்து.
ஜனவரி வரை பொறுங்கள் என்றேன்,
தரை கெட்டியாகட்டும்.